கேட்டால் கிடைக்குமா மூல நிரல்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். எனவே இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். "சார், குரலுக்குப் பதில் சொல்ற கருவி பண்றோம். நாலு மைக் உள்ள போர்டு வாங்கிட்டோம். அதோட ஃபர்ம்வேர் சோர்ஸ் கோடு கேட்டா பதிலே வரல. என்ன பண்றது?"

முதலில், எதற்கு நாலு மைக்? கண்ணை மூடிக்கொண்டாலும் யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரிகிறதே, இரண்டு காது இருப்பதால்தானே? அதே கணக்குத்தான். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு மைக்குக்கு நடுவே ஆறரை சென்டிமீட்டர் என்றால், பக்கவாட்டில் வரும் பேச்சு இரண்டாவது மைக்கைத் தொடச் சுமார் 190 மைக்ரோ வினாடி தாமதமாகும். வினாடிக்கு 16,000 மாதிரி எடுக்கும் கருவியில் அது வெறும் 3 மாதிரி! இந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத் திசை கண்டுபிடித்து, அந்தப் பேச்சை உயர்த்தி, மின்விசிறி இரைச்சலையும் கருவியின் சொந்த ஸ்பீக்கர் எதிரொலியையும் கழிப்பது ஃபர்ம்வேரின் வேலை. நம் வீட்டுக்கு ஏற்றபடி இதைத் திருத்த வேண்டுமென்றால் மூல நிரல் வேண்டும்.

ஆனால் இத்தகைய கருவிகளுக்குள் பெரும்பாலும் மூன்று அடுக்கு நிரல்கள் உண்டு. எந்த அடுக்கைக் கேட்கிறோம் என்பது தெரியாமல் கடிதம் போட்டால் பதில் வராது.

முதல் அடுக்கு, லினக்ஸ். இது உள்ளே இருந்தால் கேட்பது நம் உரிமை. 1991-இல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமத்தின்படி, விற்பவர் மூல நிரலைக் கூடவே தர வேண்டும்; இல்லையேல் கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். தொகுக்கவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளும் அதில் சேர்த்தி. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனாளிகள் கண்டுபிடித்துக் கேட்டார்கள். நிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004-இல் பிறந்ததுதான் ஓபன்டபிள்யூ.ஆர்.டி. கேட்டதால் வந்த பலன்!

இரண்டாவது அடுக்கு, மைக்குகளைக் கவனிக்கும் சிப்பின் நிரல். இங்கேதான் நம் பசங்க மாட்டிக்கொள்கிறார்கள். இது சிப் தயாரிப்பாளரின் சொத்து. போர்டு விற்பவரிடமே மூலம் இல்லாதிருக்கலாம். ரீஸ்பீக்கர் மைக் அரே 2.0 போர்டில் 4 மைக்கும் எக்ஸ்மாஸ் நிறுவனத்தின் எக்ஸ்.வி.எஃப்-3000 சிப்பும் உண்டு. அதற்குப் பொதுவில் கிடைப்பது பைனரி ஃபர்ம்வேர் மட்டும். அதற்காக மனம் தளர வேண்டாம். அதிலே 6 சேனல் ஃபர்ம்வேர் என்று ஒன்று உண்டு. ஒரு சேனலில் சுத்தம் செய்த ஒலி, நான்கில் மைக்குகளின் பச்சை ஒலி, மீதி ஒன்றில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி. அந்த நான்கையும் கணினிக்கு எடுத்து, திசை காணும் நிரலை நீங்களே எழுதலாமே! படிப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது அடுக்கு, கம்பெனியின் சர்வரில் ஓடுவது. அது நம் கைக்கு வராது. சர்வர் நின்றால் கருவியும் ஊமை.

"இவ்வளவு பாடு எதற்கு? கருவி வேலை செஞ்சா போதாதா?" என்று கேட்கலாம். மைக்ராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் மார்க் 2 என்னும் குரல் கருவிக்காக 2018-இல் மக்களிடம் பணம் திரட்டியது. 2023 தொடக்கத்தில் நிதியில்லாமல் நின்றுபோனது. பணம் கட்டிய பலருக்குக் கருவி வரவே இல்லை. ஆனால் கருவி கைக்கு வந்தவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. மூல நிரல் வெளியில் இருந்ததால் ஓபன் வாய்ஸ் ஓ.எஸ். போன்ற குழுக்கள் அதை வாழவைத்தன. கம்பெனி போன பிறகும் கருவி பேசுகிறது!

இன்னொன்று, நம்பிக்கை. இது வீட்டுக் கூடத்தில் எந்நேரமும் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் சாமான். எப்போது கேட்கிறது, எங்கே அனுப்புகிறது என்பதை நிரலைப் படித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். 2024 டிசம்பரில் வெளிவந்த ஹோம் அசிஸ்டென்ட் வாய்ஸ் பிரிவ்யூ எடிஷனில் எக்ஸ்மாஸ் சிப்பின் ஃபர்ம்வேர் உட்பட மூல நிரல் வெளியிடப்பட்டிருக்கிறது. மைக்கின் மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்சும் உண்டு. ஆகவே திறந்து காட்டிவிட்டு விற்பதும் நடக்கக்கூடியதுதான்.

தம்பி தங்கைகளே, போர்டு வாங்குவதற்கு முன்பே விற்பவருக்கு எழுதுங்கள். மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த அடுக்கின் நிரல் வேண்டும், எந்த உரிமத்தின்படி கேட்கிறீர்கள் என்பதை மரியாதையாக, ஒரே பக்கத்தில் குறிப்பிடுங்கள். வாங்கும் முன் கேட்கிறவருக்குத்தான் சட்டென்று பதில் வரும். இல்லை என்று வந்தாலும் நல்லதே. பணத்தை வேறு போர்டில் போடலாம். கிடைத்த நிரலை அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக ஆய்வகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போங்கள்.

கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால், வெளியூரில் இருந்தாலும் நாங்கள் இருக்கிறோம். சங்கம் எதற்கு இருக்கிறது?