முகம் மறைத்துக் குரல் கேட்பிக்கும் படம்

தோற்பாவைக் கூத்தை நம்மில் பலர் கேள்வியளவிலேனும் அறிவோம். விளக்கொளி படரும் வெண்திரையில் பாவை ஆடும். அதற்காகப் பேசுகின்றவர் திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். அவர் முகத்தை நாம் காண்பதில்லை. ஆயினும் அவர் குரலுக்கு நம் உள்ளம் இரங்குகிறது. இப்பழைய முறையை ஒத்த ஒன்று இன்று மருத்துவத் துறைக்குத் துணை செய்கிறது. அதனை அசைவூட்ட ஆவணப்படம் என்பர். அதில் குரல் உண்மையான நோயாளியுடையது. காட்சியோ ஓவியர் வரைந்தது.

உண்மையைச் சொல்ல வந்த படத்தில் சித்திரம் எதற்கு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். எக்ஸ்ரே நுரையீரலைக் காட்டும், அச்சத்தைக் காட்டாது. ‘காதில் குரல்கள் கேட்கின்றன’ என்று மருத்துவர் ஒரு வரியில் குறித்துக்கொள்வார். அவ்வரிக்குள் ஒருவர் உறங்காத இரவுகள் எத்தனையோ அடங்கியிருக்கும். புகைப்படக் கருவி அவர் அமர்ந்திருக்கும் அறையைக் காட்டுமேயன்றி, அவர் கேட்பதைக் காட்ட வல்லதன்று. தூரிகைக்கு அத்தடை இல்லை.

இங்கிலாந்தில் உளவியல் மருத்துவப் பயிற்சி பெற்ற ஆண்டி கிளின் என்பவர் 2003-ஆம் ஆண்டில் ‘அனிமேட்டட் மைண்ட்ஸ்’ என்னும் குறும்படத் தொடரை வெளியிட்டார். மனநோயுற்றோர் தம் சொந்தக் குரலில் பேச, ஓவியர்கள் அதற்கு உருவம் தந்தனர். வெளியே செல்ல அஞ்சி நடுங்கும் ஒருவரின் கதைக்கு, ‘தூண்டிலில் மாட்டிய மீன்’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. அதற்கு முன்பே, 1992-இல், டிம் வெப் என்பவர் ‘ஏ இஸ் ஃபார் ஆட்டிசம்’ என்ற படத்தை எடுத்தார். ஆட்டிசம் உடையோர் வரைந்த சித்திரங்களே அப்படத்தில் அசைந்தன. இதனை இன்னும் ஒரு படி உயர்ந்ததாகவே நான் கருதுகிறேன்.

நம் சென்னையின் மேற்குப் பகுதிக்கு வருவோம். அம்பத்தூரை அடுத்த முகப்பேரில், 1993-இல் தோன்றிய பேன்யன் அமைப்பின் ‘அடைக்கலம்’ இல்லம் உள்ளது. வீடிழந்து தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கிய பணி அது. அண்ணாநகர் மேற்கு விரிவில், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் சொல்லப்பட வேண்டிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல்பவரின் நிலை என்ன? ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஒரே தெரு, ஒரே தொழிற்சாலை, ஒரே இரயில் என்று வாழ்கிறோம். ஒருவர் முகம் ஒரு நிமிடம் திரையில் தோன்றினால், அவர் வேலையும் தங்கையின் திருமணமும் ஆபத்துக்குள்ளாகலாம்.

சிகிச்சை பெறும் மனநோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் இசைவின்றி ஊடகங்களுக்குத் தரலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் அவரைக் காக்கிறது. சித்திரமோ, காக்கப்பட்டபடியே அவர் பேசவும் வழி செய்கிறது.

எனினும் எச்சரிக்கை வேண்டும். தெரிந்தவர்கள் குரலைக் கொண்டே ஆளை அறிந்துவிடுவர். தேவையானால் வேறொருவர் பேசலாம். அதைப் படத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். வரைந்தவற்றைக் கதைக்கு உரியவரிடம் காட்டி, ‘எனக்கு இப்படி இருக்கவில்லை’ என்று அவர் சொன்னால் மாற்றி வரைய வேண்டும். இல்லையேல் அது நோயாளியின் கதையாகாது. ஓவியரின் கற்பனையே ஆகும்.

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. இரு கட்டங்களுக்கு ஒரு சித்திரம் என்று கொண்டாலும், ஒரு நிமிடப் பேச்சுக்கு 720 சித்திரங்கள் வேண்டும். அவற்றை வரைபவர் அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாக வேண்டும். கூட்டம் நெருக்கும் மருத்துவமனையில் நோயாளிக்குக் கிட்டாதது அவ்வாறு பொறுமையோடு கேட்கும் செவியே. மருத்துவம் பயில்வோரும் ஓவியம் பயில்வோரும் ஒன்றுகூடி, முதலில் ஒருவர் கதையையேனும் அப்படிக் கேட்கத் தொடங்கலாம்.