எத்தனை மாத்திரை?



திருகோணமலை சீனக்குடாவிலுள்ள பிரிமா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வந்தால், இறக்கிய தொன் எவ்வளவு என்பது ஓர் ஏட்டில் இருக்கும். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்திலும் அதே கதைதான்: வந்தது, கொடுத்தது, மிச்சம். அந்தக் கணக்கைக் காட்டும்படி கேட்பவர்கள்தான் குறைவு.

கலிபோர்னியாவில் ஒருவர் கேட்டார். சான் ஹோசே மெர்க்குரி நியூஸ் பத்திரிகையின் நிருபர் கேரன் டி சா, அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட மனநல மருந்துகளின் பத்தாண்டுக் கணக்கைப் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் கோரினார். எந்தப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் மாதக்கணக்கில் இழுபறி. 2014இல் அவரது செய்தித் தொடர் வெளிவந்தபோது தெரிந்தது இது: பராமரிப்பிலிருந்த பதின்வயதினரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனநல மருந்து எடுத்திருந்தார். அடுத்த ஆண்டே ஆளுநர் ஜெரி பிரவுன் இது குறித்த மூன்று சட்டமூலங்களில் ஒப்பமிட்டார்.

அமெரிக்காவில் நடந்தது நமக்கெதற்கு என்று யாரும் கேட்கலாம். இங்கே இலங்கையிலும் சிறுவர் இல்லங்கள் இருக்கின்றன, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் இருக்கிறது. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு மாத்திரை எழுதும்போது சம்மதம் கொடுப்பது யார்? கேள்வி சின்னதுதான்.

அதைக் கேட்க வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒருவரின் மருத்துவப் பதிவை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றிக் கேட்டால் மறுக்கலாம் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. நல்ல பிரிவு. கிண்ணியாவில் ஒரு பிள்ளை மனநல கிளினிக்குக்குப் போவது தெருவுக்கே தெரிந்துவிட்டால், அது பிறகு அந்தப் பக்கமே போகாது.

ஆகவே வித்தை கேள்வியில் இருக்கிறது. ‘பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறி மாத்திரை கொடுக்கிறீர்களா?’ என்று எழுதினால் ‘இல்லை’ என்று ஒரு வரி வரும், கோப்பும் மூடப்படும். ‘2023 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, 18 வயதுக்குட்பட்டோருக்கு வழங்கிய ரிஸ்பெரிடோன், மெதைல்ஃபெனிடேட் ஆகிய மனநல மருந்து மாத்திரைகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக’ என்று எழுதினால் யாராவது ஏட்டைத் திறந்தே ஆகவேண்டும். மாதவாரியாகக் கேட்பது இன்னும் கெட்டித்தனமாகத் தோன்றும். ஆனால் சின்ன ஊரில் ஒரு மாதத்தில் இரண்டே பிள்ளைகள் என்றால், பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

மாத்திரையை வில்லனாக்கவும் கூடாது. கவனக்குறைபாட்டால் வகுப்பில் உட்காரவே முடியாத பிள்ளைக்கு அது உதவுகிறது. செய்தியைப் படித்துவிட்டு வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் ஆபத்து. எண் கூடினால் மட்டுமல்ல, பூச்சியமாக இருந்தாலும் செய்திதான். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கான மனநல வைத்தியர் வருவதே இல்லையோ என்று அடுத்த விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.

இன்று பட்டம் வாங்குபவர்களில் சிலர் நிருபராவார்கள், சிலர் மூதூரிலோ கந்தளாயிலோ விண்ணப்பம் வாங்கும் மேசையின் மறுபக்கத்தில் தகவல் அலுவலராக உட்காருவார்கள். இரு தரப்பும் தெரிந்திருக்க வேண்டியது: முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஏன் தங்கச்சி கேட்கிறீங்கள்?’ என்றால் காரணம் சொல்லும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் திகதி போட்ட ஒப்புகைக் கடிதம் கையில் வராமல் அந்த மேசையை விட்டு எழும்பாதீர்கள்.