நமக்கு நாமே கொடுக்கும் ஸ்டாப் பேமென்ட்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஜனவரி 2026 கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, பென்ஷன்காரர்களின் வருமான வரி பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதை அடுத்த முறை வைத்துக்கொள்வோம். சூதாட்டத்தை விட நினைப்பவர்களுக்காகச் சில நாடுகள் வைத்திருக்கும் ஒரு பதிவேட்டைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன்.

நான் பி.காம். படித்து, முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். சாயங்காலம் கேஷில் பத்து ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற மறு வருடம், 2021-இல், செல்போனில் ரம்மி ஆடி 3,40,000 ரூபாயைத் தொலைத்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

கொரோனா காலம். வெளியே போக வழியில்லை. 500 ரூபாய் போட்டு ஆரம்பித்தேன், ஜெயித்தேன். பிறகு தோற்றேன். தோற்றதை எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று ஆடினேன். ராத்திரி இரண்டு மணி வரை ஆடுவேன். ஒரு நாள் காலையில் பாஸ்புக்கைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. "ஆறு மாதம் என்னை உள்ளே விடாதே" என்று சொல்ல அந்தச் செயலியிலேயே ஒரு வசதி இருந்தது. அழுத்தினேன், கணக்கு மூடியது. மறுநாள் ராத்திரி வேறொரு செயலியை இறக்கினேன். புது வாடிக்கையாளர் என்று போனஸ் கொடுத்து வரவேற்றார்கள்!

என் தவறு எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு கடை மட்டும் கதவைச் சாத்தினால் போதாது என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். தெருவில் உள்ள எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் சாத்த வேண்டும். தேசியப் பதிவேடு அதைத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் அதற்குப் பெயர் கேம்ஸ்டாப். பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல், செல்போன் எண் ஆகியவற்றைக் கொடுத்து நாமே பதிந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று காலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். உரிமம் பெற்ற ஆன்லைன் சூதாட்ட நிறுவனம் எல்லாம் 2020 மார்ச் 31 முதல் இதில் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். பட்டியலில் உள்ளவரை யாரும் ஆட விடக்கூடாது. ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டில் பெட்ஸ்டாப் என்று ஒன்று வந்தது. குறைந்தது மூன்று மாதம், வேண்டுமானால் ஆயுள் முழுக்க விலகலாம். பதிந்தவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதற்கும் தடை உண்டு.

நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் இன்னொரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே சூதாட்டப் பிரச்சினைக்கென்று தேசிய மன்றம் 2005-இல் வந்துவிட்டது. சூதாட்ட விடுதிகள் திறந்தது 2010-இல்தான். ஆடுபவர் தானே தடை கேட்கலாம். மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோகூட விண்ணப்பிக்கலாம், விசாரித்து முடிவு செய்வார்கள். கடனைத் தீர்க்க முடியாமல் திவாலானவர்களுக்கும், அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் தடை தானாகவே விழுந்துவிடும்.

இதில் உயிரான விஷயம் ஒன்று இருக்கிறது. செக் கொடுத்துவிட்டு, "பணம் கொடுக்காதீர்கள்" என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பீர்களே, ஸ்டாப் பேமென்ட், இதுவும் அதுபோலத்தான். ஆனால் அந்தக் கடிதத்தை மறுநாளே நீங்கள் வாபஸ் வாங்கலாம். இங்கிலாந்தின் கேம்ஸ்டாப் பதிவை, எடுத்துக்கொண்ட காலம் முடியும்வரை வாபஸ் வாங்க முடியாது. அழுதாலும் கெஞ்சினாலும் முடியாது. காலையில் தெளிவாக இருக்கும் மனிதன், ராத்திரி இரண்டு மணிக்குத் தடுமாறப் போகும் அதே மனிதனுக்குப் போடும் பூட்டு அது. சாவி அவன் கையில் இருந்தால் அது பூட்டே இல்லை.

குறையும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நடத்துபவர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அடுத்தவர் பெயரில் ஆடுபவரையும் பிடிப்பது கஷ்டம்.

நம் நாட்டில் அப்படி ஒரு தேசியப் பதிவேடு இருந்ததில்லை. தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் போட்டது. ஆனால் பாகூர்ப் பக்கம் ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் மாவட்டம். செல்போன் வரப்பைப் பார்த்தா நிற்கும்? பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லை. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வங்கிகள் அதற்குப் பணம் அனுப்பக் கூடாது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆகவே வெளியே சொல்லி உதவி கேட்க யாரும் பயப்பட வேண்டாம்.

பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் லிங்க் வருகிறது. ஐ.பி.எல். தொடங்கினால் இன்னும் வரும். கடை சட்டவிரோதமாகிவிட்டால் பதிவேட்டைக் காட்டி யாரிடம் கதவைச் சாத்தச் சொல்வது? பூட்டை நம் வீட்டில்தான் போட வேண்டும்.

நான் போட்ட பூட்டைச் சொல்கிறேன். எனக்கும் மனைவிக்கும் உள்ள ஜாயின்ட் அக்கவுன்ட், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருந்தது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். இந்த முறையில் பொதுவாக யு.பி.ஐ. தரமாட்டார்கள். அதை மறுபடி மாற்றவும் இருவர் கையெழுத்தும் வேண்டும். பென்ஷனில் கைச்செலவுக்கு 3,000 ரூபாய் மட்டும் என் பெயரில் உள்ள கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

கார்டில் ஆன்லைன் வசதியை நிறுத்தவும் வரம்பைக் குறைக்கவும் 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. அதையும் செய்யுங்கள். ஆனால் அந்தச் சாவி நம் கையிலேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் இலவசம். நேரில் பார்க்க ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. லிங்க்கைத் தொட்டுப் பணம் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. நான் விஷயத்தைச் சொன்ன அன்று என் மனைவி திட்டவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டார், சொன்னேன். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார், அதையும் சொன்னேன். மறுநாள் வங்கிக்குக் கூடவே வந்தார். இப்போதும் மாதம் ஒரு முறை பணம் எடுக்க இருவரும் வில்லியனூர் கடைத்தெரு வழியாக நடந்து போகிறோம். ஸ்லிப்பில் முதலில் நான் கையெழுத்துப் போடுவேன். அவர் தொகையை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுவார்.

உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி போனைத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தால், "எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். கோபம் இல்லாமல் கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வங்கிக்கு நானும் கூட வருகிறேன்.