நாய் பயப்படுது, சரி. பட்டாசைத் தடை செய்யலாமா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எடுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

தீபாவளி நெருங்கிட்டாலே ஒரு கேள்வி தவறாம வந்துடும்: "வீட்டுல இருக்கிற நாயும் பூனையும் இப்படி நடுங்குதே, பட்டாசை மொத்தமா தடை பண்ணினா என்ன?" டெல்லியிலயோ பெங்களூருலயோ இருந்து இதைக் கேட்கிறது சுலபம். நான் ராஜபாளையத்துக்காரன். மூணு தலைமுறையா நாய் வளர்க்கிற வீடு எங்களுடையது. எங்க ஊரிலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள சிவகாசி. ஒரு பக்கம் ஊர் பேரையே தாங்கி நிற்கிற நாய், இன்னொரு பக்கம் மாவட்டத்துக்கே சோறு போடுற வெடி. ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்துதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல நாயைப் பத்தி. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒண்ணு. பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பார்வையால துரத்திப் பிடிக்கிற வேட்டை நாய் இது. பயந்து ஓட ஆரம்பிச்சா தெருமுனையோட நிற்காது. மதுரை–தென்காசி ரோட்டுல லாரிக்கு முன்னால போய்த்தான் நிற்கும். அதனால வெடிச் சத்தம் எங்களுக்கு வெறும் பரிதாப விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

மனுஷன் காதுக்கு எட்டுறது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரைக்கும் கேட்கும். நமக்குக் காதே எட்டாத தூரத்து வெடிகூட அதுக்குக் கேட்டுடும். அதோட, அது தீபாவளி சத்தம்னு அதுக்கு யாரும் சொல்லிவைக்கவும் முடியாது.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. இந்த இனத்துக் குட்டிகள்ல காது கேட்காதவை கணிசமா உண்டு. முழு வெள்ளையா பிறக்கிற நாய்கள்ல உள்காதுல நிறமி செல்கள் இல்லாம போறதுதான் காரணம். "எங்க நாய் வெடிக்கெல்லாம் அசையவே அசையாது, அவ்வளவு தைரியம்"னு யாராவது பெருமையா சொன்னா, முதல்ல அதோட காதைச் சோதிக்கச் சொல்லுங்க. நாய் பார்க்காத மாதிரி பின்னால நின்னு கைதட்டிப் பாருங்க. சந்தேகம் வந்தா கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. கேட்காத நாய்க்கும் தரை அதிர்வு தெரியும், மின்னல் மாதிரி வெளிச்சம் தெரியும். அதையும் கட்டிப்போட்டுட்டுப் போயிடக் கூடாது.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல சத்தம் வரக்கூடாதுன்னு 1999-லேயே விதி வந்தாச்சு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வெடிக்கக் கூடாதுன்னு 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 அக்டோபரில் தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம் மட்டும்னு உத்தரவு வந்தது. தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8னு பிரிச்சுக்கிட்டது. அதே தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்கும் தடை.

இந்தப் பேரியம் விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். அந்த வழக்கு முதன்மையா டெல்லியின் காற்று மாசு பற்றியது. பேரியம் நைட்ரேட் அதிகம் தேவைப்படுறது கம்பி மத்தாப்பு, தரைச் சக்கரம், பூச்சட்டி மாதிரி ஒளி தர்ற ரகங்களுக்கு. காதைப் பிளக்கிற ஒற்றை வெடிக்கு அலுமினியப் பொடி, கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட் இருந்தாலே போதும். ஆக, சரவெடி போச்சு, அது நாய்க்கு நல்லது. ஆனா நாயை அதிகம் தொந்தரவு பண்ணாத மத்தாப்புதான் தயாரிப்புல பெரிய சிக்கலைச் சந்திச்சது. அணுகுண்டு வெடி கடையில் தாராளமா இருக்கு. காற்றுக்காகப் போட்ட தடை காதுக்கும் உதவும்னு நம்ப முடியாது. ரெண்டும் வேற வேற கணக்கு.

அப்போ மொத்தமா தடை போட்டா என்ன? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் மழை பொய்ச்ச கரிசக்காட்டுல வேற என்ன இருக்கு? எங்க பக்கத்துக் கிராமங்கள்ல விடியக்காலையில தூக்குவாளியோட வேன் ஏறுற பெண்களைக் கேளுங்க. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்துல ஏறத்தாழ 40 பேர் செத்தாங்க. அந்த உயிர்களுக்காக எழாத தடைக் குரல், நாய்க்காக மட்டும் எழுந்தா அவங்களுக்குக் கோபம் வராதா? வரும். அந்தக் கோபம் நியாயம்தான்.

இன்னொண்ணு, இந்த மண்ணுல வெடி விளையாட்டுப் பொருள் மட்டும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல தோப்பு வச்சிருக்கிறவங்களுக்கு யானையையும் காட்டுப்பன்றியையும் விரட்ட வெடிதான் துணை. அதே மலையிலதான் 1988-ல் அறிவிச்ச சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கு. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. அங்கே உயிர்களுக்கு வெடியால தொல்லை, மனுஷனுக்கு வெடியால பாதுகாப்பு. ஒரே வரியில் தீர்ப்பு எழுத முடியாது.

என் கருத்து இது: முழுத் தடை வேண்டாம். ஒளிக்கு இடம் கொடுப்போம், பெருஞ்சத்தத்தைக் குறைப்போம். இத்தாலியில் கொலெக்கியோங்கிற சின்ன ஊர், விலங்குகளை நினைச்சே சத்தம் குறைந்த வாணவேடிக்கை மட்டும்தான்னு 2015-ல் விதி போட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுகுடிப்பட்டியில், வலசை வர்ற பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையா தீபாவளிக்கு வெடி கிடையாது. யாரும் கட்டாயப்படுத்தலை. வனத்துறை வருஷா வருஷம் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்து மரியாதை செய்யுது.

உண்மையைச் சொன்னா, நாய் வளர்க்கிற எங்களுக்குத் தீபாவளி பெரிய பிரச்சினை இல்லை. அது எந்தத் தேதின்னு காலண்டரில் இருக்கு. கல்யாண ஊர்வலம், சடங்கு, கோயில் கொடை, தலைவர் வரவேற்பு, இறுதி ஊர்வலம் – இதுக்கெல்லாம் திடீர்னு போடுற வெடிதான் எங்களை நிலைகுலைய வைக்குது. துக்க வீட்டுல போய் வெடி போடாதேன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனா கல்யாணத்துக்கும் வரவேற்புக்கும் தெருவுல முன்கூட்டியே சொல்லலாமே? நகராட்சி ஒரு பொது மைதானத்தை ஒதுக்கலாமே? இது யார் பிழைப்பையும் கெடுக்காது.

கடைசியா, வீட்டுல செய்ய வேண்டியது. மாலை 5 மணிக்குள்ள நடைப்பயிற்சியும் சாப்பாடும் முடிச்சிடுங்க. ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டு, உள் அறையில் விடுங்க. மாடியிலயோ வாசல்லயோ சங்கிலியில் கட்டாதீங்க. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தா பயம் கூடும்னு சொல்றது தப்பு, தாராளமா பக்கத்துல உட்காருங்க. நம்ம தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. உடம்பை அசையவிடாம செஞ்சு, பயத்தை அப்படியே உள்ள வைக்கிற மருந்துகளும் உண்டு. அதனால ஒரு வாரம் முன்னாடியே மருத்துவரைப் பாருங்க. கழுத்துப் பட்டையில் உங்க போன் நம்பரை எழுதுங்க.

உங்க தெருவுல இதை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.