பிடியில் பதிந்த கை

சிறுவயதில் என் தந்தையாரின் பால்வெட்டும் கத்தியை எடுத்து ஒரு மரம் வெட்டினேன். பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் பட்டது. ஏச்சு வாங்கியவர் அவர். அவர் கைக்குப் பழகிய பிடி என் கைக்கு இணங்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் லென்ஸ்பர்க் நகரில் ஹெமர்லி நிறுவனம் செய்த குறிசுடும் கைத்துப்பாக்கிகளும் இப்படித்தான். 50 மீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் நடுவட்டம். நின்றபடி, ஒரே கையால், தடவைக்கு ஒரு குண்டு. விசையோ விரல் பட்டாலே இயங்கும் அளவுக்கு மென்மை. வால்நட் மரப்பிடியை உரியவரின் உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் ஏற்பச் செதுக்குவார்கள். கையுறைபோல் கையைச் சூழ்ந்து நிற்கும்.

2016 ரியோ போட்டியோடு இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து நீங்கியது. பழைய துப்பாக்கிகளை இன்று சேகரிப்போர் தேடுகிறார்கள். (நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம், நாம் கேட்டு அறிந்தால் போதும்.)

வாங்கியவருக்குத்தான் சங்கடம். சுட வேண்டுமானால் பிடி தன் கைக்குப் பொருந்த வேண்டும். அரத்தால் தேய்த்தாலோ முன்னவர் விரல்களுக்கென்று குடைந்த பள்ளங்கள் போய்விடும். விவரம் தெரிந்தவர் பழைய பிடியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வேறு மரத்தில் தமக்கென ஒன்று செதுக்கிக்கொள்கிறார்.