காரின் கீழ்க்கையும் நம் ரப்பரும்



நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு நாள்தோறும் காரில் வேலைக்குப் போய் வருகிறார். தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு வெளியேறிய குடும்பம் அது. கார் நின்றால் சம்பளமும் நிற்கும். சென்ற மாதம் அவர் பள்ளிக்கு வந்து, மேடு பள்ளத்தில் வண்டி 'டக், டக்' என்று அடிக்கிறது என்றார். பட்டறையில் இரண்டு வழி சொன்னார்களாம். கம்பெனி போட்ட கீழ்க்கையைக் கழற்றிப் புஷ் மாற்றுவது ஒன்று. சிவப்புச் சாயம் பூசிய, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புதுக் கைகளைப் போடுவது மற்றொன்று. பின்னதற்குக் கடன் வாங்க வேண்டும். "எது சார் நல்லது?" என்று கேட்டார்.

பட்டறைக்காரர்கள் லோவர் ஆர்ம் என்று சொல்வதைத்தான் கீழ்க்கை என்கிறோம். அதன் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்தோடும், மறு முனை சக்கரத்தோடும் சேர்ந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கையும் ஏறி இறங்கும். சட்டத்தோடு சேரும் இடத்தில் இரும்பும் இரும்பும் உரசாதபடி நடுவில் ஒரு ரப்பர் உருளை உண்டு. அதுதான் புஷ். சக்கரத்தின் பக்கம் இருப்பது பால் ஜாயின்ட் என்னும் குண்டு மூட்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரும்புக் கை எளிதில் தேயாது. தேய்வது குண்டு மூட்டு, கிழிவது ரப்பர்.

அந்த ரப்பரின் கதை நமக்குப் புதிதன்று. 1877-இல் கோலகங்சாரில் கன்றுகள் நடப்பட்டன. அதற்கு முன்பே, 1839-இல், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திருந்தார். கரித்தூளும் சேர்த்தால் வலிமை கூடும். ஆயிரமாயிரம் தடவை முறுக்கினாலும் எளிதில் கிழியாத குணம் மரத்துப் பாலுக்கு உண்டு. லண்டனில் பாதாள ரயில் பாதைக்கு மேலே 1966-இல் எழுந்த ஆல்பனி கோர்ட் என்ற கட்டடமே அதிர்வு ஏறாமலிருக்க ரப்பர்த் திண்டுகளின் மேல் நிற்கிறது. கட்டடத்தைத் தாங்கும் பொருள் காரைத் தாங்காதா? ஆனால் எண்ணெய் அதற்குப் பகை. இன்ஜின் எண்ணெய் ஒழுகி மேலே பட்டால் ரப்பர் உப்பிக் குழைந்துவிடும். ஒழுக்கை நிறுத்தாமல் புஷ் மட்டும் மாற்றுவது வீண்செலவு.

சிவப்புக் கைகள் கெட்டவை என்று நாம் சொல்லவில்லை. வண்டியைத் தாழ்த்திப் பந்தயம் ஓடுகிறவருக்குச் சக்கரத்தின் சாய்வைத் திருத்த அவை உதவும். அவற்றுள் பலவற்றில் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கடினமான பொருளோ, வெறும் இரும்பு மூட்டோ இருக்கும். பந்தயத்துக்குச் சரி, செம்மண் பாதையில் ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பில் தெரியும்!

கை வளைந்திருந்தாலோ, துரு அரித்திருந்தாலோ அதைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சில வண்டிகளில் குண்டு மூட்டு கையோடு சேர்ந்தே வரும். அப்போது கம்பெனி அளவிலேயே முழுக் கை வாங்குவது உத்தமம். குண்டு மூட்டில் ஆட்டம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் ஓடும் வண்டியின் சக்கரம் மடங்கிவிடும்.

புஷ் மாற்றும்போது பலர் தவறுவது ஓர் இடத்தில். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆணியை இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நம்முடைய பழைய சாகாவில் இப்படித்தான் சில மாதங்களுக்குள் மறுபடியும் சத்தம் வந்தது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பிறகு சக்கர நேர்த்தியும் பார்த்துவிட வேண்டும்.

அந்த இளைஞரின் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் புஷ் வட்டமாகக் கிழிந்திருந்தது. கைகளில் வளைவில்லை, மூட்டுகளில் ஆட்டமில்லை. புஷ் மட்டும் மாற்றினார்கள். முன் டயர்கள் இரண்டும் உட்பக்கம் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. அதை அதுவரை யாரும் குனிந்து பார்க்கவில்லை. கையிலிருந்த பணம் அந்த டயர்களுக்குப் போயிற்று.