முதல் நீராவி வண்டியை ஓட்டியவர் யார்?



தோட்டப் பள்ளியில் பொது அறிவுப் போட்டி வைக்கும்போதெல்லாம் நாம் தவறாமல் கேட்டு வந்த கேள்வி ஒன்று உண்டு. "நீராவி இரயில் வண்டியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பதே அக்கேள்வி. "ஜார்ஜ் ஸ்டீவன்சன்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நாமும் "சரி" என்று கரும்பலகையில் ஒரு மதிப்பெண் போடுவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எழுதி வைத்த பாடக்குறிப்பிலும் அந்த விடைதான் இருந்தது. ஆகவே அதில் நமக்கு ஐயமே எழுந்ததில்லை.

ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அவன் தந்தை தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். "ஐயா, ஸ்டீவன்சனுக்கு முன்னால் ஒருவருமே ஓட்டவில்லையா?" என்று கேட்டான். "இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் அதைத் தேடிப் பார்த்துச் சொன்னோமா, அல்லது கேட்டதைத் திருப்பிச் சொன்னோமா? அந்த வார விடுமுறையில் பட்டணத்து நூலகத்திற்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினோம். அங்கே படித்தறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஸ்டீவன்சனுக்கு முன்னால் ஓட்டியவர் இருக்கத்தான் செய்தார். அவர் பெயர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1771ஆம் ஆண்டு பிறந்த சுரங்கப் பொறியாளர். அந்தக் காலத்து நீராவி இயந்திரங்கள் வீட்டளவு பெரியவை. ஓரிடத்தில் நின்றபடியே சுரங்கத்து நீரை இறைப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீராவியை அதிக அழுத்தத்தில் பயன்படுத்தினால் இயந்திரத்தைச் சிறிதாகச் செய்யலாம், சிறிதாகச் செய்தால் சக்கரத்தின்மேல் ஏற்றி ஓட்டலாம் என்பது ட்ரெவிதிக்கின் எண்ணம். கொதிகலன் வெடித்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். ஜேம்ஸ் வாட் போன்ற பெரியவர்களே உயர் அழுத்த நீராவியை ஆபத்தானது என்று கருதினார்கள்.

1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், தென் வேல்சிலுள்ள பெனிடாரன் இரும்பாலையில் ட்ரெவிதிக்கின் இயந்திரம் புறப்பட்டது. 5 பெட்டிகள், 10 டன் இரும்பு, அவற்றின்மேல் ஏறிக்கொண்ட 70 ஆட்கள். இத்தனையையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மைலுக்கும் மேற்பட்ட தூரத்தை அது 4 மணி 5 நிமிடத்தில் கடந்தது. வழியில் மரங்களை வெட்டியும் பாறைகளை அகற்றியும் போக வேண்டியிருந்ததால் அவ்வளவு நேரமாயிற்று. இதுவே தண்டவாளத்தின்மேல் பாரம் இழுத்து ஓடிய முதல் நீராவி வண்டிப் பயணமாக ஏட்டில் இடம்பெற்றிருக்கிறது. ஸ்டீவன்சனின் முதல் இயந்திரம் ஓடியதோ 1814இல். பத்து ஆண்டுகள் பிந்தியது!

அப்படியானால் ட்ரெவிதிக்கின் புகழ் ஏன் பரவவில்லை? வண்டி தோற்கவில்லை, நேயர்களே. பாதை தோற்றது. அந்நாளில் தண்டவாளங்களை வார்ப்பிரும்பால் செய்தார்கள். வார்ப்பிரும்பு கடினமானதுதான், ஆனால் அடிபட்டால் வளையாது, உடையும். பழைய வார்ப்பிரும்புச் சட்டி கைதவறிக் கீழே விழுந்தால் விரிசல் விடுவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். குதிரை இழுக்கும் சிறு வண்டிக்குப் போட்ட அந்தப் பாதை, 5 டன் எடையுள்ள இயந்திரத்தைத் தாங்காமல் பல இடங்களில் உடைந்தது. மீண்டும் குதிரைகளே வந்து சேர்ந்தன. 1808இல் இலண்டன் மாநகரில் வட்டமான பாதை அமைத்து, "முடிந்தால் என்னைப் பிடி" என்ற பொருள்படும் பெயரில் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார் ட்ரெவிதிக். கட்டணம் ஒரு ஷில்லிங். அங்கும் தண்டவாளம் உடைந்தது. மனம் சலித்த அவர், பின்னர் தென் அமெரிக்காவின் வெள்ளிச் சுரங்கங்களை நாடிக் கப்பலேறிவிட்டார்.

அவர் கதையை இங்கே நிறுத்திவிட்டு, ஸ்டீவன்சனிடம் வருவோம். முதலாமவர் அல்லர் என்பதால் அவர் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. ஆனால் அவருடைய உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் ஸ்டீவன்சன் 1781இல் நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள வைலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரத்திற்குத் தீ மூட்டும் தொழிலாளி. தாய் தந்தை இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வசதியில்லை. மாடு மேய்த்துச் சில காசு சம்பாதித்த சிறுவன், பிறகு சுரங்க வேலையில் சேர்ந்து, 17 வயதில் இயந்திரம் இயக்குபவரானார். அப்போதும் தம் பெயரை எழுத அவருக்குத் தெரியாது. 18ஆவது வயதில், நாளெல்லாம் உழைத்த களைப்போடு இரவுப் பள்ளிக்குப் போய் எழுத்தும் கணக்கும் கற்றார். ஓய்வு நேரத்தில் காலணி தைத்தார், கடிகாரம் பழுதுபார்த்தார். 1803இல் மகன் இராபர்ட் பிறந்தான். மூன்று ஆண்டுகளில் மனைவி இறந்துபோனார். தாயில்லாப் பிள்ளையை நியூகாசிலில் நல்ல பள்ளியில் சேர்த்தார் தந்தை. மாலையில் மகன் கொண்டுவரும் புத்தகங்களைத் தாமும் உடன் உட்கார்ந்து படித்தார். மகன் வாசிக்க, தந்தை கற்றார்!

இனி, ட்ரெவிதிக்கைத் தோற்கடித்த தண்டவாளத்திற்கு வருவோம். ஸ்டீவன்சனும் 1816இல் வில்லியம் லாஷ் என்ற இரும்பாலை முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து, திருத்தியமைத்த வார்ப்பிரும்புத் தண்டவாளத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1820இல் பெட்லிங்டன் இரும்பாலையைச் சேர்ந்த ஜான் பர்கின்ஷா, எளிதில் உடையாத தேனிரும்பை உருளைகளுக்கிடையே செலுத்தி நீளமான தண்டவாளம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அப்போது ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையை அமைக்கும் பொறுப்பு ஸ்டீவன்சனிடம் வந்தது. தம் தண்டவாளத்தையே போடச் சொல்லியிருந்தால் கைநிறையப் பணம். ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பெட்லிங்டன் தண்டவாளமே சிறந்தது, அதையே வாங்குங்கள்" என்று பரிந்துரைத்தார். லாஷ் கோபித்துக்கொண்டார், நட்பு முறிந்தது. ஆனால் பாதை நிலைத்தது. 1825 செப்டம்பர் 27ஆம் நாள், "லோகோமோஷன்" என்ற இயந்திரத்தைத் தாமே ஓட்டி, நூற்றுக்கணக்கான மக்களை அப்பாதையில் ஏற்றிச் சென்றார் ஸ்டீவன்சன்.

இதற்கிடையே மகன் இராபர்ட்டும் சுரங்க வேலையாகத் தென் அமெரிக்கா சென்றிருந்தார். 1827இல் ஊர் திரும்பக் கார்த்தஹேனா துறைமுகத்தில் காத்திருந்தபோது, எல்லாவற்றையும் இழந்து கப்பல் கட்டணத்திற்கும் வழியின்றி நின்ற ஓர் ஆங்கிலேயரை அங்கே கண்டார். அவர் யார்? ட்ரெவிதிக்! இராபர்ட் அவருக்கு 50 பவுன் கொடுத்து ஊர் திரும்ப உதவினார். முதல் வண்டியை ஓட்டியவரும், அடுத்த பெரும் வண்டியைச் செய்யப் போகிறவரும் கடல் கடந்த ஒரு துறைமுகத்தில் இப்படிச் சந்தித்தார்கள்.

அந்த அடுத்த வண்டிதான் "ராக்கெட்". லிவர்பூல் - மான்செஸ்டர் இரயில் நிறுவனத்தார் 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் ஒரு போட்டி நடத்தினார்கள். பரிசு 500 பவுன். ஒன்றே முக்கால் மைல் பாதையில் பாரத்துடன் 20 முறை போய்த் திரும்ப வேண்டும். வேகம் மணிக்கு 10 மைலுக்குக் குறையக் கூடாது. ஐந்து வண்டிகள் களம் இறங்கின. அவற்றுள் ஒன்றில் நீராவியே இல்லை. உள்ளே ஒரு குதிரை நடந்து சக்கரத்தைச் சுழற்றியது! "விடாமுயற்சி" என்று பொருள்படும் பெயர் கொண்ட வண்டி மணிக்கு 6 மைலைத் தாண்டாமல், 25 பவுன் ஆறுதல் பரிசோடு திரும்பியது. "புதுமை" என்று பொருள்படும் பெயர் கொண்ட வண்டி முதல் நாள் மணிக்கு 28 மைல் வேகத்தில் பறந்து எல்லாரையும் மயக்கியது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் குழாய் பழுதாகி நின்றுவிட்டது. "ஈடற்றது" எனப் பொருள்படும் வண்டியும் பாதியில் பழுதாயிற்று. சொன்னபடி முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது இராபர்ட் செய்த ராக்கெட் ஒன்றே.

அதன் இரகசியம் என்ன? இரண்டைச் சொல்வோம். முன்னைய கொதிகலன்களில் தீயின் சூடு பெரிய குழாய் ஒன்றின் வழியே போய்ப் புகைபோக்கியில் வெளியேறிவிடும். ராக்கெட்டிலோ 25 செப்புக் குழாய்கள் நீருக்குள்ளே கிடந்தன. சூடான புகை அவற்றின் வழியே போனதால், நீரைத் தொடும் சூட்டுப் பரப்பு பன்மடங்கு பெருகியது. இந்த யோசனையைக் கூறியவர் அந்த இரயில் நிறுவனத்தின் செயலாளர் ஹென்றி பூத். அதே காலத்தில் பிரான்சு நாட்டில் மார்க் செகான் என்பவரும் இதே வழியைக் கண்டிருந்தார்.

இரண்டாவது, வேலை முடிந்த நீராவியை வீணாக வெளியே விடாமல் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பீய்ச்சியது. அது புகையை இழுத்துக்கொண்டு போக, அடுப்புக்குள் காற்று விரைந்து புகுந்து தீ கொழுந்துவிட்டெரியும். நம் பாட்டிமார்கள் ஊதாங்குழலால் அடுப்பை ஊதினார்களே, அதே வேலைதான். வண்டி விரைய விரைய, தன் அடுப்பைத் தானே அதிகம் ஊதிக்கொள்ளும். நீராவி வண்டியின் "சுக்கு புக்கு" ஓசை இருக்கிறதே, அது இந்த ஊதலின் ஓசைதான். சக்கரத்து ஓசையன்று. சாதாரணமான இரு உருளை வண்டியில், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை அவ்வோசை எழும். இதையும் ட்ரெவிதிக் தம் 1804ஆம் ஆண்டு இயந்திரத்திலேயே பயன்படுத்தியிருந்தார்!

அந்த ட்ரெவிதிக் 1833இல் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் வறியவராக இறந்தார். அவரோடு வேலை செய்த பட்டறைத் தொழிலாளர்களே பணம் திரட்டி அவரை நல்லடக்கம் செய்தார்கள்.

ஸ்டாக்டனில் வண்டி ஓடிய 60ஆம் ஆண்டில், 1885 ஜூன் முதல் நாள், நம் மலாயா மண்ணிலும் முதல் இரயில் ஓடியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 8 மைல். அந்தப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். நம் பொது அறிவுப் போட்டிகளில் அவர்களைப் பற்றி நாம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. வண்டியைச் செய்தவரைக் கேட்டோம், பாதையைப் போட்டவரைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பிற்குப் போனதும், அந்த மாணவனை எழுப்பி நிறுத்தி, "நீ கேட்டதுதான் சரி, நாம் சொன்னது பிழை" என்று எல்லார் முன்னும் சொன்னோம். சொல்லும் வரை சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஒரு நொடி வாயடைத்துப் போனார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஓய்வுநேர மணி அடித்ததும் அவர்களுக்குக் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் போட்ட மதிப்பெண்களை இனித் திருத்த முடியாது. கேள்வியைத் திருத்தலாம் அல்லவா? இப்போது நம் கரும்பலகையில், "நீராவி வண்டி ஓடுவதற்கு யார் யார் உழைத்தார்கள்?" என்று எழுதுகிறோம்.

மாணவச் செல்வங்களே, ஆசிரியர் சொன்னாலும் ஐயம் வந்தால் பணிவோடு கேளுங்கள். பெற்றோர்களே, நமக்குத்தான் படிப்பில்லையே என்று ஒதுங்கி நில்லாதீர்கள். மாலையில் பிள்ளை புத்தகத்தை விரிக்கும்போது அருகே ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். எழுத்தறியாமல் 18 வயது வரை வளர்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளி, தம் மகனோடு அப்படி அமர்ந்துதான் படித்தார்.